எழுத்தும் ஓர் உதிரிபாகம்: கார் நிறுவனங்களின் தனி எழுத்துருக்கள்

கார் நிறுவனம் ஒன்று தனக்கென்றே வரையச் சொல்லி வாங்கும் எழுத்துக் குடும்பமே தனி எழுத்துரு. டிக்கியில் பதித்த மாடல் பெயர், ஸ்பீடோமீட்டரின் எண்கள், திரையில் ஓடும் பாட்டின் தலைப்பு, வண்டியோடு வரும் கையேடு, ஷோரூம் பெயர்ப்பலகை, செய்தித்தாள் விளம்பரம், சர்வீஸ் பில் என எங்கே பார்த்தாலும் அதே எழுத்து வரும். மற்ற உதிரிபாகங்களைப் போலவே இதற்கும் வரைபடம் உண்டு, அளவு உண்டு, சோதனை உண்டு. தோற்றத்துக்காக மட்டும் வரையப்பட்ட எழுத்து காருக்குப் போதாது. ஓடும் வண்டியில், குலுங்கும் இருக்கையில், வெயிலிலும் இருட்டிலும், ஓட்டுநர் ஒரு நொடி பார்த்தால் படித்துவிட வேண்டும்.

சின்னம் வேறு, எழுத்துரு வேறு

இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. நிறுவனத்தின் பெயரை ஒரே ஒரு முறை, ஒரே வடிவில் வரைந்து வைப்பது பெயர்ச்சின்னம். ஃபோர்டு நிறுவனத்தின் சாய்ந்த கையெழுத்துப் பாணிப் பெயரை வரைந்தவர் சைல்ட் ஹெரால்ட் வில்ஸ். அவர் ஃபோர்டின் ஆரம்பகாலப் பொறியாளர். இளமையில் விசிட்டிங் கார்டுகளுக்கு எழுதிப் பழகிய கை அது. அந்த நான்கு எழுத்துகளை வைத்துக்கொண்டு வேறு சொல் எதையும் எழுத முடியாது. எழுதவும் தேவையில்லை.

எழுத்துருவின் வேலை நேர்மாறானது. அதில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வரும் என்று வரைபவருக்குத் தெரியாது. எந்தச் சேர்க்கை வந்தாலும் சீராக அமைய வேண்டும். சின்னத்தில் எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை எழுத்துருவில் எடுத்துக்கொள்ள முடியாது. சின்னத்திலேயே அந்தச் சுதந்திரம் சில சமயம் இடறிவிடும். 2021-ல் வந்த கியா நிறுவனத்தின் புதிய சின்னத்தில் ஆங்கில ஐ, ஏ இரண்டும் ஒட்டிக்கொண்டதால், பலரும் அதை ‘கேஎன்’ என்று படித்து, அந்தப் பெயரில் இணையத்தில் கார் தேடினார்கள். ஒரு சின்னத்துக்கு இது சிறு சங்கடம். வேகத்தையும் எரிபொருள் அளவையும் காட்டும் எழுத்துருவில் இதே தவறு நேர்ந்தால் அது ஆபத்து.

இரவல் எழுத்திலிருந்து சொந்த எழுத்துக்கு

தொடக்கத்தில் கார் நிறுவனங்கள் அச்சகங்களில் கிடைத்த எழுத்துகளையே எடுத்தாண்டன. 1959-ல் அமெரிக்காவில் வெளியான ஃபோக்ஸ்வேகனின் புகழ்பெற்ற ‘திங்க் ஸ்மால்’ விளம்பரத்தை ஹெல்முட் க்ரோன் ஃபியூச்சுரா என்ற எழுத்தில் அமைத்தார். பால் ரென்னர் வரைந்து 1927-ல் வெளிவந்த அந்த எழுத்து யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியது. ஆனாலும் பல ஆண்டுகள் விடாமல் பயன்படுத்தியதால் அது ஃபோக்ஸ்வேகனின் முகமாகவே ஆகிவிட்டது. பெயரையே பார்க்காமல், எழுத்தின் சாயலை வைத்தே ‘இது இன்னார் விளம்பரம்’ என்று வாசகர் சொல்லிவிட முடியும் என்பதை மற்ற நிறுவனங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டன.

அடுத்த கட்டம் சொந்தமாக வரையச் சொல்வது. ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துக்காக 1980-களின் பிற்பாதியில் குர்ட் வைடமன் ‘கார்ப்பரேட்’ என்ற மூன்று கிளைக் குடும்பத்தை வரைந்தார். முனைகளில் மெல்லிய அடிக்கட்டை உள்ள ‘ஏ’, அடிக்கட்டை இல்லாத ‘எஸ்’, தடித்த அடிக்கட்டை உள்ள ‘ஈ’ என்று மூன்றும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் எழுந்தவை. மூன்றையும் ஒரே பக்கத்தில் கலந்து அச்சிட்டாலும் உடன்பிறப்புகள் என்று தெரியும். ஆவுடி நிறுவனம் 2009-ல் நெதர்லாந்தின் போல்டு மண்டே என்ற சிறு பட்டறையிடம் ‘ஆவுடி டைப்’ வரைய வைத்தது. ஃபோர்டு, சைரஸ் ஹைஸ்மித்தின் ‘ஆன்டெனா’ எழுத்தைத் தனக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டது. ஹூண்டாய்க்கு ‘ஹூண்டாய் சான்ஸ்’ உண்டு.

    

சொந்த எழுத்து வைத்துக்கொள்வதில் கணக்கும் உண்டு. வெளியில் வாங்கும் எழுத்துருவுக்கு எத்தனை கணினி, எத்தனை செயலி, எத்தனை வண்டி என்று எண்ணி உரிமத்தொகை கட்ட வேண்டிவரும். ஆண்டுக்குப் பல லட்சம் வண்டி விற்கும் நிறுவனத்துக்கு ஒரு முறை முழுப் பணம் கொடுத்து எழுத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்வதே லாபம்.

தகட்டின் வளைவும் எழுத்தின் வளைவும்

கார்த்தொழில் எழுத்தை இரவல் வாங்கிய காலத்திலேயே, எழுத்துலகம் கார்த்தொழிலிடமிருந்து இன்னும் பெரிய ஒன்றை வாங்கிக்கொண்டது. இன்று கணினியிலும் கைபேசியிலும் தெரியும் எழுத்துகளின் ஓரக்கோடு ஏறக்குறைய முழுவதும் ‘பெசியே வளைவு’களால் ஆனது. அந்தக் கணிதம் பிரான்ஸின் கார் தொழிற்சாலைகளில் பிறந்தது.

1950-களில் காரின் வெளித்தகட்டு வடிவத்தைக் களிமண் மாதிரியிலிருந்து அச்சுக்கட்டைக்குக் கொண்டுபோவது கைவேலையாக இருந்தது. ஒவ்வொரு நகலிலும் வளைவு சிறிது மாறும். எண்களால் வளைவைச் சொல்ல முடிந்தால் இயந்திரமே அதைப் பிசகாமல் வெட்டும். சிட்ரோயனில் பால் டி காஸ்தெல்ஜோ 1959-ல் இதற்கு ஒரு வழி கண்டார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோவில் பியர் பெசியே 1960-களில் தன் வழியில் அதே வளைவுகளை அடைந்து, கட்டுரைகளாக வெளியிட்டார். வெளியிட்டவர் பெயரே வளைவுக்கு நிலைத்தது.

செய்முறை எளிது. நான்கு புள்ளிகளை வைக்க வேண்டும். முதலும் கடைசியும் வளைவின் இரு முனைகள். நடுவிலுள்ள இரண்டும் வளைவை இழுத்துப் பிடிக்கும் கைப்பிடிகள். நான்கையும் வரிசையாக இணைத்தால் மூன்று கோடுகள். அந்த மூன்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. அந்தக் கோட்டின் நடுப்புள்ளி வளைவின் மேல் இருக்கும். நடுப்புள்ளிக்குப் பதில் கால் பங்கு, முக்கால் பங்கு என்று விகிதத்தை மாற்றிக்கொண்டே போனால் முழு வளைவும் கிடைத்துவிடும். கைப்பிடியைச் சற்று நகர்த்தினால் வளைவு பருக்கும், ஒடுங்கும். 1984-ல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இந்த நான்கு புள்ளி வளைவை அச்சுக்கு எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த ட்ரூடைப் என்ற எழுத்துரு முறை மூன்று புள்ளி வளைவைப் பயன்படுத்தியது.

இந்த வளைவால் வட்டத்தை மிகச்சரியாக வரைய முடியாது. நான்கு துண்டுகளாக வரைந்தால் ஆரத்தில் 10,000-ல் 3 பங்குக்கும் குறைவான பிழை இருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடத்தில் வளையும் வேகம் திடீரென மாறினால் கண் உடனே பிடித்துவிடும். கார் வடிவமைப்பாளர் இதைத் தகட்டில் விழும் வரிவரியான ஒளிப் பிரதிபலிப்பு எங்கே முறிகிறது என்று பார்த்துக் கண்டுபிடிப்பார். எழுத்து வரைபவர் வளைவின் மேல் சீப்புப் பற்கள் போலக் கோடுகளை எழுப்பும் மென்பொருள் கருவியால் கண்டுபிடிப்பார். தேடுவது ஒரே குற்றத்தைத்தான்.

கண்ணை ஏமாற்றாமல் இருக்க அளவை ஏமாற்றுவது

எழுத்துரு வேலை சில முதன்மை எழுத்துகளில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் நேர்க்கோட்டு எழுத்தான எச், வட்ட எழுத்தான ஓ இரண்டும் முடிவானால் குடும்பத்தின் பாதி முகம் தெரிந்துவிடும். இந்தக் கட்டத்தில் அளவுகோலுக்கும் கண்ணுக்கும் இடையே சண்டை வரும்.

ஒரே உயரத்தில் வரைந்தால் வட்ட எழுத்து சதுர எழுத்தைவிடக் குள்ளமாகத் தெரியும். வட்டம் மேல்கோட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுவதுதான் காரணம். ஆகவே வட்டத்தை மேலும் கீழும் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நீட்டி வரைவார்கள். குறுக்குக்கோடும் நிலைக்கோடும் ஒரே தடிமனில் இருந்தால் குறுக்குக்கோடு பருமனாகத் தோன்றும். எனவே அதை மெலிக்க வேண்டும். இரண்டு கோடுகள் சேரும் மூலையில் கருமை திரளும். அங்கே சற்றுக் குடைந்துவிட வேண்டும். பிழையில்லாமல் தெரிய வேண்டுமானால் அளவில் பிழை வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

எழுத்துக்கு இரு பக்கமும் விடும் வெளியும் வரையப்படுவதே. எண்களில் இது இன்னும் முக்கியம். புத்தகத்தில் ‘1’ ஒல்லியாக இருக்கலாம். வேகத்தைக் காட்டும் திரையில் அப்படி இருந்தால், 71 என்பது 72 ஆகும்போது எண் இடம்வலமாகத் துள்ளும். அதனால் டேஷ்போர்டு எண்கள் எல்லாம் ஒரே அகலத்தில் அமைக்கப்படுகின்றன. ‘1’ அந்த அகலத்தில் அனாதையாக நிற்காமல் இருக்க, அதற்குக் கொக்கியோ அடிக்கட்டையோ சேர்ப்பார்கள். 3, 6, 9 மூன்றின் வாயும் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். வாய் குறுகினால் மங்கிய ஒளியில் மூன்றும் 8 ஆகிவிடும்.

ஓட்டுநருக்குக் கிடைக்கும் இரண்டு நொடி

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வண்டித் திரையை ஒரு தடவை பார்ப்பதற்கு 2 நொடி, ஒரு வேலையை முடிக்க மொத்தம் 12 நொடி என்று வரம்பு சொன்னது. சமவெளி நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 2 நொடியில் சுமார் 44 மீட்டர் ஓடிவிடும்.

மலைச்சாலையில் வேகம் குறைவு, ஆனால் நிலைமை எளிதல்ல. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 30 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் வண்டி நகர்கிறது. வளைவில் அதுவே அதிகம். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வண்டி ஏறக்குறைய முழுத் திசை திரும்புகிறது. சற்று முன் முதுகில் அடித்த வெயில் இப்போது முகத்தில் அடிக்கும். நிழலில் பளிச்சென்று தெரிந்த திரை அடுத்த நொடி வெளிறிப்போகும். ஏற்காட்டைத் தாண்டி மாரமங்கலம் பக்கம் சேர்வராயன் மலைக்கிராமங்களுக்குப் போகும் சாலையில் மூடுபனி இறங்கினால், ஓட்டுநரின் கண் வெளியிலுள்ள மங்கலுக்கும் உள்ளே ஒளிரும் திரைக்கும் மாறி மாறிப் பழக வேண்டும். நடுத்தர வயதைக் கடந்தவருக்குத் தொலைவிலிருந்து அருகே பார்வையைக் குவிக்க இன்னும் நேரம் பிடிக்கும்.

இந்த நிலைமைகளுக்காகவே வண்டித் திரை எழுத்துகளுக்கு ஐ.எஸ்.ஓ. 15008 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. எழுத்தின் உயரத்தை அது மில்லிமீட்டரில் சொல்வதில்லை. கண்ணில் அது எவ்வளவு கோணம் பிடிக்கிறது என்று சொல்கிறது. பரிந்துரை 20 கோணநிமிடம், மிகக்குறைந்த அளவு 12. திரை கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் இது முறையே சுமார் 4 மில்லிமீட்டர், இரண்டரை மில்லிமீட்டர்.

உயரம் சரியாக இருந்தாலும் வடிவம் தவறினால் பயனில்லை என்பதை ஒரு சோதனை எண்ணால் காட்டியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஜ்லேப் ஆய்வகமும் எழுத்துரு நிறுவனமான மோனோடைப்பும் சேர்ந்து 2012-ல் அதன் முடிவை வெளியிட்டன. ஓட்டும் பயிற்சிக் கூண்டில் ஆட்களை உட்கார வைத்து, ஒரே திரையை இரண்டு வகை எழுத்தில் காட்டினார்கள். ஒன்று மூலைகள் சதுரமாகத் திரும்பும் யூரோஸ்டைல் வகை. தொழில்நுட்பச் சாயல் வேண்டும் என்பதால் கார்களில் மிகவும் விரும்பப்பட்டது. மற்றது கையெழுத்தின் அசைவை ஒட்டிய, வாய் திறந்த ஃப்ரூட்டிகர் வகை. இரண்டாவதில் ஆண்கள் திரையைப் பார்த்த மொத்த நேரம் 10.6 விழுக்காடு குறைந்தது. பெண்களிடம் இவ்வளவு வேறுபாடு தெரியவில்லை. சதுர எழுத்துகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதும், வாய் மூடியிருப்பதும், நெருக்கமாக நிற்பதும் கண்ணைத் தாமதிக்க வைக்கின்றன. காருக்கு ஏற்றதாகத் தோன்றும் எழுத்தும் காரில் படிக்க ஏற்ற எழுத்தும் ஒன்றல்ல என்பது அதற்குப் பிறகு வடிவமைப்பாளர்களுக்குப் பாலபாடம் ஆனது.

இரவுத் திரைக்கு இன்னொரு கணக்கு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, உள்ளபடி இருப்பதைவிடத் தடித்துத் தெரியும். ஒளி ஓரத்தில் கசிவதால் உள்வெளிகள் அடைபடும். எனவே பகலுக்கும் இரவுக்கும் இரண்டு தடிமன் வரைகிறார்கள். அகலம் மட்டும் மாறாது. மாறினால் விளக்கு மாறும் நேரத்தில் வரிகள் மடங்கி, சொற்கள் இடம்பெயரும்.

பிளாஸ்டிக்கில் வார்க்கும் எழுத்து

டிக்கியில் மின்னும் மாடல் பெயர் பெரும்பாலும் உலோகமல்ல, குரோம் பூசிய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அச்சிலிருந்து கழன்று வர அதன் பக்கச்சுவர்கள் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். எனவே முகப்பில் இருப்பதைவிட அடியில் எழுத்து அகலமாகும். பக்கத்து எழுத்துகளின் இடைவெளியையும் அதற்கேற்ப விட வேண்டும். மின்முலாம் பூசும்போது கூர்மையான மூலைகளில் மின்னோட்டம் குவிந்து, பூச்சு அங்கே தடித்தும் உள்மூலைகளில் மெலிந்தும் படியும். அதனால் திரையில் கத்திமுனையாக இருக்கும் மூலைகள் இங்கே மழுங்கடிக்கப்படுகின்றன. ஒரே எழுத்து திரைக்கு ஒரு வரைபடமும் பிளாஸ்டிக்குக்கு வேறொரு வரைபடமும் கேட்கிறது. பார்ப்பவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகவே தெரிய வேண்டும்.

தமிழுக்கு வரும்போது

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதத்தில் இடம்பெற வேண்டும். ஆகவே சேலத்தில் ஷோரூம் திறக்கும் எந்தக் கார் நிறுவனத்துக்கும் அதன் பெயரின் தமிழ் வடிவமே பலகையில் பெரியது. பணம் செலவழித்து வரைந்த ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில், கிடைத்த தமிழ் எழுத்தை வைத்துவிட்டால் முகம் இரண்டாகிவிடும்.

‘ஃபோர்ட்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் வேலையின் அளவு புரியும். இலக்கணக் கணக்கில் இது 4 எழுத்து. யூனிகோடில் 7 குறியீடுகள். கண்ணுக்குத் தெரிவது 8 துண்டுகள்: ஆய்தம், இரட்டைக்கொம்பு, ப, துணைக்கால், ர, புள்ளி, ட, புள்ளி. கணினி நினைவகத்தில் ப-வுக்குப் பின்னால் ‘ஓ’கார உயிர்க்குறி ஒரே குறியீடாக நிற்கிறது. திரைக்கு வரும்போது அது இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் மென்பொருள் டேஷ்போர்டில் இல்லையென்றால், எவ்வளவு அழகான எழுத்துருவும் கொம்பைத் தவறான இடத்தில் காட்டும்.

வடிவச் சிக்கலும் அதே சொல்லில் இருக்கிறது. துணைக்காலும் ரகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் வேறுபாடு ரகரத்தின் அடியில் இழுக்கும் சிறு வால் மட்டுமே. பழைய அச்சில் ர், ரி போன்றவற்றில் அந்த வாலைக்கூட விட்டுவிடுவது உண்டு. புள்ளியோ இகரக் குறியான விலங்கோ மேலே இருப்பதால் குழப்பம் வராது என்பது அதன் நியாயம். நல்ல காகிதத்தில் அது சரி. ஓடும் வண்டியில் புள்ளி கண்ணில் படாமல் போகலாம். ஆகவே திரைக்கான தமிழில் வாலும் நீளமாக வேண்டும், புள்ளியும் பெரிதாக, எழுத்தை விட்டுச் சற்று விலகி நிற்க வேண்டும்.

‘ஹூண்டாய்’ வேறொரு பாடம். மூன்று சுழி ணகரமும் இரண்டே கோடுகளாலான டகரமும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஒரே தடிமனில் வரைந்தால் ணகரம் கறுத்துத் தெரியும், டகரம் வெளுத்துத் தெரியும். ணகரத்தின் கோடுகளைச் சற்று மெலித்து, அகலத்தைக் கூட்டி, டகரத்தை ஒடுக்கினால்தான் பலகை முழுதும் ஒரே நிறமாக அமையும். போல்டு எழுத்தில் இது இன்னும் கடினம். தடிமன் ஏற ஏறச் சுழிகளுக்குள் வெளிச்சம் செத்துப்போகும். முதலில் மிகத் தடித்த வடிவில் ணகரத்தை வரைந்து பார்த்து, அது தாங்கும் தடிமனையே மற்ற எழுத்துகளுக்கும் உச்சவரம்பாக வைப்பது பாதுகாப்பான வழி.

உயரமும் ஒத்துப்போகாது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இரண்டு உயரம். தமிழில் ஓர் உடல் உயரம், அதற்கு மேலே புள்ளியும் விலங்கும், கீழே ழு, ஞூ போன்றவற்றின் இறக்கம். ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்துக்கே தமிழ் உடலைச் சுருக்கினால் சுழிகள் அடைபடும். எனவே தமிழைச் சற்று உயர்த்தி வரைவதே வழக்கம். திரையில் எழுத்துக்கு ஒதுக்கிய பெட்டியை ஆங்கிலத்தை மட்டும் அளந்து முடிவு செய்திருந்தால், மேலே ‘நீ’யின் தலையும் கீழே ‘ழூ’வின் காலும் வெட்டுப்படும்.

சில வகையில் தமிழ் எளிதும்கூட. 247 எழுத்துகள் என்றாலும் கொம்பு, கால், புள்ளி ஆகியவை பொதுத் துண்டுகள். தனித்தனியே வரைய வேண்டியவற்றில் பெரும்பகுதி உகர, ஊகார வரிசைகளின் 36 வடிவங்களும் டி, டீ போன்ற சிலவும்தான். 1978-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய பிணைப்பு வடிவங்களைப் பொது முறைக்குக் கொண்டுவந்ததால் சுமை மேலும் குறைந்தது.

இந்த வேலைக்குக் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் வரைந்த இணைமதி, தமிழ் சங்கம் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளோடு வருகின்றன. பிரியா ரவிச்சந்திரன் தமிழும் ஆங்கிலமும் சேர்த்தே வரைந்த ‘கட்டமரான்’, ஆதர்ஷ் ராஜன் வரைந்த ‘அனேக் தமிழ்’ இரண்டையும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மும்பையின் ஏக் டைப் 2022-ல் வெளியிட்ட அனேக் குடும்பத்தில் ஆங்கிலத்தோடு ஒன்பது இந்திய எழுத்துமுறைகள் உண்டு. எந்த மொழியும் மற்றதன் நிழலாக இல்லாமல், ஒவ்வொன்றும் தன் அளவில் வரையப்பட்டு ஒரே குடும்பமாகச் சேர்ந்திருக்கின்றன.

ஒரே கோப்பில் பல தடிமன்

2016-ல் வந்த மாறும் எழுத்துரு நுட்பம், பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறு தடிமன் போன்ற தேவைகளை ஒரே கோப்பில் அடக்கியது. மெல்லியது, தடித்தது என இரு எல்லை வடிவங்களை மட்டும் வரைந்து வைத்தால், இடைப்பட்டவற்றைக் கணினி அவ்வப்போது கணக்கிட்டுக்கொள்ளும். பெசியே வளைவின் புள்ளிகள் இரு எல்லைகளுக்கு இடையே நகர்வதுதான் இதன் அடிப்படை. அதனால் இரண்டு வடிவங்களிலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அனேக் தமிழில் தடிமனோடு அகலத்தையும் இப்படி மாற்றலாம். வண்டித் திரையில் இது பகலுக்கு ஒரு தடிமன், இரவுக்கு ஒரு தடிமன், நீண்ட தமிழ்ச் சொல்லுக்கு ஒடுங்கிய அகலம் என்று பயன்படும். மென்பொருளை வானலை வழியே புதுப்பிக்கும் வண்டிகளில், விற்ற பிறகும் எழுத்துருவைத் திருத்தி அனுப்ப முடியும். டிக்கியில் பதித்த பிளாஸ்டிக் எழுத்துக்கு அந்த வசதி கிடையாது. அதை வார்ப்பதற்கு முன்பே எல்லாச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும்.